வில்லியம் ஸ்டூவர்ட்: சுரங்க வக்கீல் செனட்டர் ஆனால் என்ன சட்டம் வரும்?

கரிசல்வாசகன்:

1866 ஜூலையில் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. தலைப்பை மட்டும் படித்தால், பொது நிலத்தின் வழியாக வாய்க்கால் வெட்டுகிறவர்களுக்கு வழி விடும் சட்டம். உள்ளே போனால் முழுக்கச் சுரங்கம்! பொது நிலத்தில் தங்கமோ வெள்ளியோ கண்டவன் அதைத் தோண்டலாம், ஏக்கருக்கு ஐந்து டாலர் கட்டினால் பட்டாவும் வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் உயிர்.

நடந்தது இதுதான். நெவாடாவின் செனட்டர் வில்லியம் ஸ்டூவர்ட் கொண்டுவந்த சுரங்க மசோதா செனட்டில் தேறிவிட்டது. கீழவையில் பொது நிலக் குழுவின் தலைவர் இண்டியானாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஜூலியன். சுரங்கங்களை அரசு விற்றுக் கடனை அடைக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். மசோதாவைக் குழுவிலேயே முடக்கிப் போட்டார். ஸ்டூவர்ட் என்ன செய்தார்? கீழவை ஏற்கெனவே நிறைவேற்றி அனுப்பியிருந்த வாய்க்கால் மசோதா ஒன்றை எடுத்தார். அதன் வயிற்றைக் கீறித் தன் சுரங்க மசோதாவை உள்ளே வைத்துத் தைத்தார். தலைப்பைத் தொடவில்லை. அப்படியே கீழவைக்குத் திருப்பி அனுப்பினார். இந்த முறை அது ஜூலியனின் குழுவுக்குப் போகவே இல்லை. சட்டமாகிவிட்டது.

இந்த ஆளைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இழையைத் தொடங்குகிறேன். 1827இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்து ஒஹாயோவில் வளர்ந்தவர். யேல் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு 1850இல் பனாமா வழியாகக் கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனார். மண்வெட்டி பிடித்தார், வாய்க்கால் தொழிலிலும் கை வைத்தார். பிறகு அங்கேயே ஒரு வக்கீலிடம் சட்டம் படித்தார். 1852இல் மாவட்ட அரசு வக்கீல், 1854இல் கலிஃபோர்னியாவின் தற்காலிக அட்டர்னி ஜெனரல். அப்போது வயது இருபத்தேழு. அடுத்த ஆண்டு ஆனி ஃபூட்டைத் திருமணம் செய்துகொண்டார். மாமனார் ஹென்றி ஃபூட், மிசிசிப்பியின் முன்னாள் ஆளுநர். 1850இல் செனட் சபைக்குள்ளேயே சக செனட்டர் தாமஸ் ஹார்ட் பென்டனை நோக்கித் துப்பாக்கியை உருவியவர் அவர்தான். நல்ல குடும்பம்.

1859இல் மலைக்கு அந்தப் பக்கம், இன்றைய நெவாடாவில், காம்ஸ்டாக் என்ற பெரிய வெள்ளிப் படிவு கிடைத்தது. மறு ஆண்டே ஸ்டூவர்ட் அங்கே முளைத்த வர்ஜீனியா சிட்டியில் இருந்தார். வெள்ளி தோண்டப் போகவில்லை, வழக்கு நடத்தப் போனார்.

என் கட்சி இது: இந்த மனிதர் கடைசிவரை வக்கீலாகவே இருந்தார், செனட்டர் பதவி அவருக்கு இன்னொரு நீதிமன்றம். எழுதிய ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் ஒரு கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். மறுப்பவர்கள் வரலாம்.

வக்கீல்பேட்டை:

மறுக்கத்தான் வந்தேன். கட்சிக்காரர் இல்லாத சட்டம் எந்த நாட்டில் இருக்கிறது, ஐயா? 1866க்கு முன் நெவாடாவில் இருந்த சுரங்கக்காரர்கள் அத்தனை பேரும் சட்டப்படி மத்திய அரசின் நிலத்தில் அத்துமீறி நுழைந்தவர்கள். கோடிக்கணக்கான டாலர் வெள்ளி எடுத்துக்கொண்டிருந்தவனிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அவர்கள் தங்களுக்குள் கூடி எழுதிக்கொண்ட வட்டார விதிகளைத்தான் ஸ்டூவர்ட் நாட்டுச் சட்டமாக்கினார். ஏற்கெனவே உழுதுகொண்டிருப்பவனுக்குப் பட்டா கொடுப்பது தவறா? ஜூலியன் சொன்னபடி ஏலம் விட்டிருந்தால் கிழக்குக் கரையின் வங்கிக்காரர்கள் முழுவதையும் சுருட்டியிருப்பார்கள்.

கரிசல்வாசகன்:

அந்த 'வட்டார விதிகள்' எந்த லட்சணத்தில் இருந்தன என்பதையும் சொல்லிவிடலாமே. காம்ஸ்டாக்கின் முதல் பதிவாளர் ஊர்க் கொல்லர். பதிவேடு இருந்தது மதுக்கடையின் அலமாரியில். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், கையில் பேனா இருந்தால் திருத்தவும் செய்யலாம். இன்ன மரத்திலிருந்து இத்தனை அடி என்று எல்லை எழுதியிருப்பார்கள். மறு மாதம் மரத்தை யாராவது விறகுக்கு வெட்டியிருப்பார்கள். ஸ்டூவர்ட் போன்ற வக்கீலுக்கு இதைவிட விளைச்சல் நிலம் கிடைக்குமா?

பாறைப்பித்தன்:

நிலவியல் படித்தவன் என்ற முறையில் ஒரு விஷயம். காம்ஸ்டாக் வழக்குகளின் கருவைச் சொல்லாமல் ஸ்டூவர்ட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

அங்கே தாது, பாறைக்குள் சரிந்து இறங்கும் நரம்பாகக் கிடந்தது. விதி என்ன சொல்கிறது என்றால், நரம்பின் உச்சி யாருடைய எல்லைக்குள் தரையைத் தொடுகிறதோ அவன் அந்த நரம்பைக் கீழே எவ்வளவு தூரம் சரிந்தாலும் பின்தொடர்ந்து தோண்டலாம். பக்கத்துக்காரனின் நிலத்துக்கு அடியில் புகுந்தாலும் சரிதான். பக்கத்துத் தோட்டத்தில் காய்த்தாலும் வேர் என் தோட்டத்தில் இருக்கிறது, ஆகவே காய் எனக்கு என்பது போன்ற சட்டம்.

இப்போது கேள்வி வருகிறது. மலையில் இருப்பது ஒரே ஒரு பெரிய நரம்பா, அல்லது பக்கத்தில் பக்கத்தில் ஓடும் பல நரம்புகளா? ஒன்றுதான் என்றால் முதலில் வந்த ஓஃபிர் போன்ற பெரிய கம்பெனிகளுக்கே எல்லாம் சொந்தம். பல என்றால் பின்னால் வந்த ஒவ்வொருவனும் தன் நரம்பு தனி என்று சொல்லித் தோண்டலாம். ஸ்டூவர்ட் பெரிய கம்பெனிகளின் வக்கீல். 'ஒரே நரம்பு' என்பது அவருடைய வாதம், அவருடைய சோறு.

வேடிக்கை என்னவென்றால், மேலே பார்த்தால் நரம்புகள் மேற்கே சரிவதுபோல் தெரிந்தன. ஆழத்தில் போகப் போகச் சரிவு கிழக்குப் பக்கம் திரும்பியது. தனித்தனியாகத் தெரிந்தவை கீழே ஒரே பெரும் பிளவின் கிளைகளாக இருந்தன. ஸ்டூவர்ட்டுக்குப் பாறையைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் பாறை அவர் பக்கம் சாட்சி சொன்னது.

கேள்விக்குறி:

பாறை சாட்சி சொல்வதற்கு முன் மனிதர்கள் காசுக்குச் சாட்சி சொன்னார்கள். ஜூரிகளை விலைக்கு வாங்குவது அங்கே ஊரறிந்த வியாபாரம். 1864இல் நடந்ததையும் எடுத்துப் பாருங்கள். நெவாடா அப்போது இன்னும் மாநிலம் ஆகாத பிரதேசம். ஜான் நார்த் என்ற பிரதேச நீதிபதி 'பல நரம்புகள்' பக்கம் சாய்ந்தார். உடனே அவர் லஞ்சம் வாங்குகிறார் என்று ஸ்டூவர்ட் கிளப்பினார், பத்திரிகைகள் ஊதின, கையெழுத்து வேட்டை நடந்தது. ஆகஸ்டில் பிரதேசத்தின் மூன்று நீதிபதிகளும் ராஜினாமா செய்தார்கள். மூன்று பேரும்! பிரதேசத்தின் உச்ச நீதிமன்றமே காலி. பின்னால் நார்த் அவதூறு வழக்குத் தொடுத்தபோது, அவர்மேல் சொன்ன ஊழல் குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்று நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அதனால் என்ன பயன்? அதற்குள் ஸ்டூவர்ட் வாஷிங்டனில் செனட்டராகிவிட்டிருந்தார்.

வக்கீல்பேட்டை:

மற்ற இரண்டு நீதிபதிகளும் தங்கக் கட்டிகள் என்று சொல்ல வருகிறீர்களா? நெவாடா மக்கள் அப்போது மாநில அந்தஸ்துக்குத் துடித்ததற்கு ஒரு முக்கியக் காரணமே இந்த நீதிமன்றங்களை ஒழிக்க வேண்டும் என்பதுதான். 1864 ஜனவரியில் முதல் அரசியல் சட்ட வரைவை மக்கள் தோற்கடித்தார்கள். சுரங்கத்துக்கு எப்படி வரி போடுவது என்பது அங்கே பெரிய சண்டை. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில், நிகர வருமானத்துக்கு மட்டும் வரி என்று திருத்திய வரைவை அமோகமாக ஏற்றார்கள். இடையில் மாறியவற்றில் இந்த நீதிபதிகள் விவகாரமும் ஒன்று. அந்த அரசியல் சட்டத்தை முழுவதுமாகத் தந்தியில் வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள் என்பது தனிக் கதை. அக்டோபர் 31 அன்று மாநிலம் பிறந்தது.

கரிசல்வாசகன்:

மொத்த உற்பத்திக்கு வரி வேண்டாம், நிகர லாபத்துக்குத்தான் என்று அரசியல் சட்ட மாநாட்டில் தொண்டை கிழியப் பேசியது யார் என்று நினைக்கிறீர்கள்? நம்முடைய ஆள்தான். கட்சிக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னேனே.

மதுரைப்புறா:

நடுவில் நுழைகிறேன். இவர் நீதிமன்றத்தில் துப்பாக்கி காட்டிச் சாட்சியை விசாரித்தார் என்று எங்கோ படித்த நினைவு. உண்மையா?

கேள்விக்குறி:

சாம் பிரவுன் கதை. ஊரை நடுங்க வைத்த ரவுடி. எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்ல வந்தான் என்றும், அவன் உள்ளே நுழைந்தபோது ஸ்டூவர்ட் கோட்டுப் பையிலிருந்து இரண்டு கைத்துப்பாக்கிகளை எடுத்து நீட்டி, ஆயுதத்தைக் கீழே வைக்கச் செய்து, பிறகு குறுக்கு விசாரணை செய்து அவன் சாட்சியத்தையே கவிழ்த்தார் என்றும் கதை. சொன்னவர் யார்? ஸ்டூவர்ட். 1908இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பில், எண்பது வயதில். சாம் பிரவுன் செத்து அரை நூற்றாண்டு ஆகப்போகிற நேரம்.

அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார். லிங்கன் இறந்த காலையில் துணை அதிபர் ஜான்சனை ஓட்டல் அறையில் குடிபோதையிலிருந்து எழுப்பிப் பதவியேற்க வைத்தவர்களில் தானும் ஒருவராம். அங்கே இருந்த மற்றவர்கள் விட்டுச் சென்ற குறிப்புகளோடு இது ஒத்துப்போகவில்லை. வரலாற்றாசிரியர்கள் இதைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஆகவே துப்பாக்கிக் கதையை நம்புவது உங்கள் விருப்பம்.

மதுரைப்புறா:

கதை நன்றாக இருக்கிறது. நான் நம்பிக்கொள்கிறேன்.

பாறைப்பித்தன்:

மார்க் ட்வெயினை யாரும் சொல்லவில்லையே! 1867 கடைசியில் வாஷிங்டனில் கொஞ்ச காலம் ஸ்டூவர்ட்டின் தனிச் செயலாளராக இருந்தார். ஒத்துவரவில்லை. தங்கியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாளை ட்வெயின் தொல்லை செய்ததால் உதைப்பேன் என்று மிரட்டினேன் என்கிறார் ஸ்டூவர்ட். 1872இல் ட்வெயின் தன் நெவாடா அனுபவங்களை நூலாக்கியபோது, தருவதாகச் சொன்ன சுரங்கப் பங்கைத் தரவில்லை என்று ஸ்டூவர்ட்டைக் குத்தி, ஒற்றைக் கண்ணில் கட்டுப் போட்ட படத்தையும் அச்சிட்டார். ஸ்டூவர்ட் 36 ஆண்டு காத்திருந்து பதிலுக்குத் திட்டினார். நினைவாற்றல் சந்தேகத்துக்குரியது என்றாலும் பகை கெட்டியாக இருந்திருக்கிறது.

தேன்மொழி:

சுரங்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது திருத்தத்தைச் செனட்டில் கையில் பிடித்து நடத்தியவர் இவர்தான் என்பது ஏன் ஒருவர் வாயிலும் வரவில்லை? இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்தது ஆகியவற்றைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக்கூடாது. 1869 பிப்ரவரியில் காங்கிரஸ் நிறைவேற்றியது. மார்ச் முதல் தேதியே நெவாடா ஒப்புதல் கொடுத்துவிட்டது. நாட்டிலேயே முதல் மாநிலம். திருத்தத்தின் வாசகத்தைத் தந்தியில் அனுப்பியவர் ஸ்டூவர்ட்.

இதில் எந்தச் சுரங்கக் கம்பெனி கட்சிக்காரர், கரிசல்வாசகன் ஐயா? நெவாடாவில் அன்று கறுப்பின வாக்காளர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இதனால் அவருக்கு ஊரில் ஓட்டு ஒன்றும் கூடவில்லை.

கரிசல்வாசகன்:

வாக்கு வேறு இடத்தில் இருந்தது. தெற்கில் புதிதாக வாக்குப் பெறுகிறவர்கள் எல்லோரும் ஸ்டூவர்ட்டின் குடியரசுக் கட்சிக்குத்தான் போடுவார்கள். கட்சிதான் கட்சிக்காரர்.

தந்தியைப் பற்றிச் சொன்னீர்கள். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. 'பிறந்த நாடு' என்ற காரணத்தையும் திருத்தத்தில் சேர்க்க வேண்டும் என்று சிலர் முயன்றார்கள். அது சேர்ந்திருந்தால் மேற்கு மாநிலங்களில் சீனர்களைத் தடுப்பது கடினமாகியிருக்கும். அந்தச் சொல் கடைசி வடிவத்தில் இல்லை. சீனருக்கு வாக்கு கிடைக்காது என்ற உத்தரவாதம் கையில் இருந்ததால்தான் நெவாடா சட்டமன்றம் அவ்வளவு வேகமாகக் கை தூக்கியது. 1870இல் மாசசூசெட்ஸ் செனட்டர் சார்ல்ஸ் சம்னர், குடியுரிமைச் சட்டத்திலிருந்து 'வெள்ளையர்' என்ற சொல்லையே எடுத்துவிடலாம் என்றபோது எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசை ஸ்டூவர்ட்.

தேன்மொழி:

அதே 1870இல் அவர் செய்த இன்னொன்றை ஏன் விட்டுவிட்டீர்கள்? கலிஃபோர்னியாவில் சீனத் தொழிலாளர்களை 'அயல்நாட்டுச் சுரங்கக்காரர் வரி' என்று சொல்லி ஆண்டாண்டாகப் பிழிந்தார்கள். வெள்ளையருக்கு எதிராக அவர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் முடியாது. அவர்களைக் கொன்றவனைக்கூடத் தண்டிக்க முடியாத நிலை. வாக்குரிமை அமலாக்கச் சட்டத்தில், நாட்டின் எல்லைக்குள் இருக்கும் 'எல்லா ஆட்களுக்கும்' ஒப்பந்தம் செய்யவும் சாட்சி சொல்லவும் சம உரிமை, குடியேறியவர்கள்மீது தனி வரி கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்த்தவர் ஸ்டூவர்ட். மேற்குக் கரையில் இதற்கு ஒரு சல்லிக் காசு மரியாதை கிடையாது, வசவுதான் கிடைக்கும். தெரிந்தே செய்தார். வாக்கு வேண்டாம் என்றார், அடிக்கவும் வேண்டாம் என்றார். இன்றைய கண்ணுக்கு அரைக் கிணறாகத் தெரியலாம். அந்தக் கரையிலிருந்து வந்த வேறு எந்தச் செனட்டர் அந்த அரைக் கிணறாவது தாண்டினார்?

வக்கீல்பேட்டை:

நல்ல அடி. கரிசல்வாசகனின் கட்சி இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கரிசல்வாசகன்:

ரயில்பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பெனிக்குச் சீனத் தொழிலாளர்கள் இல்லாமல் ஒரு கல்லும் நகராது. ஸ்டூவர்ட் அந்தக் கம்பெனிக்கு எவ்வளவு நெருக்கமானவர் என்பது ரகசியம் இல்லை. ஆனாலும் தேன்மொழி அம்மா சொன்ன பிரிவுக்கு அது மட்டுமே காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். சான்று அவ்வளவு தூரம் போகாது.

1891க்கு வாருங்கள். அங்கே சான்று போகும். தெற்கில் கறுப்பின மக்களை வாக்குச் சாவடியிலிருந்து விரட்டியாகிவிட்டது. பதினைந்தாவது திருத்தம் வெறும் காகிதம். தேர்தல்களை மத்திய அரசு கண்காணிக்கும் மசோதா ஒன்றை ஹென்றி கபோட் லாட்ஜ் கீழவையில் நிறைவேற்றியாகிவிட்டது, செனட்டில் நிற்கிறது. அந்த ஜனவரியில், அதை ஓரமாக வைத்துவிட்டு வெள்ளி நாணய மசோதாவை எடுக்கலாம் என்று எழுந்து முன்மொழிந்தவர் ஸ்டூவர்ட்! தீர்மானம் தேறியது. அந்தத் தேர்தல் மசோதா பிறகு பிழைக்கவில்லை. பதினைந்தாவது திருத்தத்தைத் தொட்டிலில் போட்டவர் வெள்ளிக்காக அதைப் பட்டினி போட்டார். ராணுவத்தை வைத்து வாக்குரிமையைக் காக்க முடியாது என்று ஒரு சமாதானமும் சொன்னார்.

தேன்மொழி:

இதை நான் காப்பாற்ற வரவில்லை. அவர் வாழ்க்கையில் மன்னிக்க முடியாத நாள் எது என்று கேட்டால் நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் 1869இல் செய்தது 1891ஆல் பொய்யாகிவிடாது.

வெள்ளிக்காசு:

பழைய நாணயம் சேகரிப்பவன். வெள்ளி என்றதும் வந்துவிட்டேன்.

1873இல் அமெரிக்கா வெள்ளி டாலர் அச்சிடுவதைச் சட்டத்தில் சத்தமில்லாமல் நிறுத்தியது. பின்னாளில் அதை 'எழுபத்து மூன்றின் குற்றம்' என்று மேடைக்கு மேடை முழங்கியவர்களில் ஸ்டூவர்ட் முக்கியமானவர். கள்ளத்தனமாகச் செய்துவிட்டார்கள், எங்களுக்குத் தெரியாது என்றார். அந்த மசோதா 1871இல் செனட்டுக்கு வந்தபோது ஆதரித்து வாக்களித்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. 1874இல் தங்கமே சிறந்தது என்று பேசிய பேச்சும் சபைக் குறிப்பில் இருக்கிறது. எதிரிகள் அதை எடுத்து அவர் முன்னாலேயே படித்துக் காட்டினார்கள். மனிதர் அசரவில்லை.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1893 ஜூனில் பிரிட்டிஷ் இந்திய அரசு, யார் வெள்ளி கொண்டுவந்தாலும் ரூபாயாக அடித்துக் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தி, நாணயச் சாலைகளின் கதவைச் சாத்தியது. உலகத்திலேயே வெள்ளியை அதிகம் விழுங்கிய வாய்களில் ஒன்று மூடிக்கொண்டது. சில நாட்களில் வெள்ளி விலை சரிந்தது, அமெரிக்க மேற்கில் சுரங்கங்கள் மூடின. அதே நவம்பரில் அமெரிக்க அரசும் மாதந்தோறும் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்கிவந்த சட்டத்தைக் கைவிட்டது. இதற்கெல்லாம் சற்று முன்பே ஸ்டூவர்ட் குடியரசுக் கட்சியை விட்டு வெள்ளிக் கட்சி என்ற பெயரிலேயே நின்று செனட்டரானார். பிறகு பழைய கட்சிக்கே திரும்பினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்விக்குறி:

பண விஷயம் பேசும்போது எம்மா சுரங்கத்தை விட்டுவிடக்கூடாது. யூட்டாவில் ஏறக்குறைய வற்றிப்போன வெள்ளிச் சுரங்கம். 1871இல் லண்டனில் கம்பெனி சேர்த்துப் பத்து லட்சம் பவுனுக்குப் பிரிட்டிஷ் முதலீட்டாளர்கள் தலையில் கட்டினார்கள். லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதர் ராபர்ட் ஷெங்க் அதன் இயக்குநர் குழுவில். ஸ்டூவர்ட்டும் இயக்குநர். பதவியில் இருக்கும் செனட்டர்! பங்கு விழுந்தது, 1876இல் காங்கிரஸ் விசாரணை வந்தது, தூதர் வேலையை இழந்தார். ஸ்டூவர்ட் அதற்கு முந்தைய ஆண்டே செனட்டை விட்டு வெளியே வந்திருந்தார். வாஷிங்டனில் டூபான்ட் வட்டத்தருகே கோட்டை மாதிரி கட்டிய மாளிகையும் அந்தக் காலத்தில் எழும்பியதுதான்.

பாறைப்பித்தன்:

தண்ணீர் விவகாரத்தில் அவர் செய்தது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். 1887இல் மறுபடியும் செனட்டுக்கு வந்ததும் மேற்கின் வறண்ட நிலங்களில் பாசன ஆய்வு வேண்டும் என்று பணம் ஒதுக்க வைத்தவர்களில் ஒருவர். ஆய்வு அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் தலைவர் ஜான் வெஸ்லி பவல் கையில் போனது. கொலராடோ ஆற்றில் ஒற்றைக் கையோடு படகு விட்ட அதே பவல். அவர் நிதானமாக, எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே நிற்காது என்று அளந்துவிட்டுத்தான் நிலத்தைக் கொடுக்க வேண்டும் என்றார். அதுவரை நிலப் பதிவு நிறுத்தம். 1889இல் இருவரும் சேர்ந்தே சுற்றுப்பயணம் போனார்கள், எதிரிகளாகத் திரும்பினார்கள். மறு ஆண்டே பாசன ஆய்வுக்கு நிதியை வெட்டிச் சாய்த்தார்கள். அளப்பதற்குப் பொறுமை இல்லாதவர்கள் கையில் வறண்ட நிலம் போனால் என்ன ஆகும் என்பதை அந்தப் பக்கத்தின் விவசாயிகள் பிறகு அனுபவித்தார்கள்.

தேன்மொழி:

அவர் பெயரில் ஒரு பள்ளி இருந்தது தெரியுமா? 1890இல் கார்சன் சிட்டியில் தொடங்கிய பழங்குடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளி. பணம் வாங்கிக் கொடுத்தார் என்பதற்காக ஸ்டூவர்ட் பள்ளி என்றார்கள். வாஷோ, பாயூட், ஷோஷோனி குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளிகளின் வரிசையில் அதுவும் ஒன்று. 1980இல் மூடினார்கள். இப்போது அருங்காட்சியகம். அங்கே படித்தவர்களின் வழிவந்தவர்களே தங்கள் கதையைச் சொல்கிறார்கள். செனட்டரின் கதை அங்கே ஒரு மூலை.

மதுரைப்புறா:

கடைசியில் என்ன ஆனார்?

கரிசல்வாசகன்:

1902இல் ஹேக் நகரத்தின் நிரந்தர நடுவர் மன்றத்துக்கு வந்த முதல் வழக்கில் வாதாடப் போனார். கலிஃபோர்னியாவின் கத்தோலிக்க மிஷன் நிதி பற்றி அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இருந்த தகராறு. அமெரிக்கா வென்றது. ஆனால் அந்தச் செப்டம்பரில் அவர் மனைவி ஆனி கலிஃபோர்னியாவில் மோட்டார் விபத்தில் இறந்துபோனார். இவர் ஐரோப்பாவில் இருந்தார். 1905இல் செனட் காலம் முடிந்தது. எழுபத்தேழு வயது. மூட்டையைக் கட்டிக்கொண்டு நெவாடாவின் தெற்கே புல்ஃப்ராக் என்ற புதுத் தங்க ஊருக்குப் போய் மறுபடி வக்கீல் பலகை மாட்டினார்! பாலைவனம், மரணப் பள்ளத்தாக்கின் வாசல். சில ஆண்டுகளில் ஊரே காலியானது. 1909 ஏப்ரலில் வாஷிங்டனில் இறந்தார். அந்தக் கடைசி முயற்சிக்காக மட்டும் எனக்கு ஆளைப் பிடிக்கிறது.

வக்கீல்பேட்டை:

1866 சட்டத்தை 1872இல் விரிவாக்கினார்கள். அதே சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது என்பதை இழையில் யாரும் சொல்லவில்லை. நரம்பின் உச்சி விதி உட்பட.

பாறைப்பித்தன்:

ஏக்கர் ஐந்து டாலர் உட்படவும். 1994இல் நெவாடாவில் பாரிக் கம்பெனி 1,949 ஏக்கருக்குக் கட்டியது 9,765 டாலர். அடியில் இருந்த தங்கத்தின் மதிப்பு ஏறக்குறைய ஆயிரம் கோடி டாலர். உள்துறைச் செயலர் புரூஸ் பாபிட் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது என்று சபித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து புதிய பட்டா விண்ணப்பங்களை வாங்குவதில்லை. நிறுத்திவைப்பை ஆண்டுதோறும் நீட்டிக்கிறார்கள். பொது நிலத்தில் எடுக்கும் தங்கத்துக்கு மத்திய அரசுக்கு ராயல்டி மட்டும் இன்னும் இல்லை.

மதுரைப்புறா:

மாற்ற யாரும் முயலவில்லையா?

கரிசல்வாசகன்:

2007இல் கீழவை நிறைவேற்றியது. புதிய சுரங்கங்களுக்கு எட்டு சதவீதம் ராயல்டி. செனட்டில் படுத்துவிட்டது. அப்போது செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட். நெவாடாக்காரர், சுரங்கத் தொழிலாளியின் மகன், அரசியலுக்கு வருமுன் என்ன தொழில் செய்தார் என்று வக்கீல்பேட்டை அவர்களே சொல்லட்டும்.